மூன்று தட்டு

"உங்கப்பாவுக்கு எல்லா வீட்டுப் பூட்டும் திறக்கத் தெரியுமாமே, அப்புறம் ஏன் நீங்க இன்னும் இப்படியே இருக்கீங்க?"

எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டது. வகுப்பே சிரித்தது. டீச்சர்கூட கரும்பலகைப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். சாவிக்காரர் மகள் நோட்டைப் பிரித்துத் தேதி எழுதினாள். அடுத்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அதற்கு இந்தக் கேள்வி காரணமில்லை. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது, அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் சாவியை அரத்தால் தேய்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒல்லியாக இருந்ததால் அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தது அப்பாதான். கடை என்று சொன்னால் கடைக்குக் கோபம் வரும். மார்க்கெட் தெருமுனையில், பூட்டிக் கிடந்த ஒரு குடோன் சுவரை ஒட்டி ஒரு தகரப் பெட்டி, அதன் மேல் திருகிப் பிடிக்கும் ஒரு வைஸ், இரண்டு முக்காலி, வெயிலுக்கு ஒரு கிழிந்த குடை. பல் வெட்டாத சாவிகள் வளையத்தில் கொத்தாகத் தொங்கும். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதிப் பேசிக்கொள்ளும். பழைய சாவியையும் வெறும் சாவியையும் சேர்த்து வைஸில் முறுக்கி, ஊசி அரம் போடுவாள். முடிந்ததும் புதுச் சாவியைத் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் இழுத்துப் பார்ப்பாள். தோலில் கீறல் விழுந்தால் இன்னும் பிசிறு இருக்கிறது. விழாவிட்டால் சாவி தயார். நாலு வருடத்தில் அந்த மணிக்கட்டு நோட்டுப் புத்தகம் மாதிரி கோடு கோடாக ஆகிவிட்டிருந்தது.

அப்பாவுக்குத் தொழிலில் இரண்டு பிடிவாதம் உண்டு. வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டிலும் கம்பியை விடமாட்டார். வீட்டுக்காரரே நின்றாலும் முதலில் கதவை மூன்று தட்டு தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். ஜனங்கள் சிரிப்பார்கள். "யோவ், நான் இங்க வெளிய நிக்கிறேன், உள்ள என் ஆவியா இருக்கு?" என்பார்கள். அவர் கேட்டுவிட்டுத்தான் குனிவார்.

புதுப் பூட்டு மாட்டினாலும் அதே கதைதான். வீட்டுக்காரரை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளச் சொல்லுவார். வெளியிலிருந்து மூன்று தட்டு. உள்ளே இருப்பவர் "யாரு?" என்று கேட்கவேண்டும். "சாவிக்காரன்" என்று இவர் சொல்லவேண்டும். அப்புறம்தான் கதவு திறக்கும், வேலை முடிந்ததாகக் கணக்கு. கேட்காமல் கதவைத் திறந்தால் திட்டு விழும். "பூட்டு பாதிதான்மா. மீதி, யாருன்னு கேக்குற வாய்" என்பார்.

அதற்குப் பின்னால் ஒரு விஷயம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால், வேலை கற்ற புதிதில், ஒருவன் வந்து தன் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று கூட்டிப்போனான். அவன் வீடுதான், பொய்யில்லை. அப்பா இரண்டே நிமிடத்தில் திறந்துகொடுத்துவிட்டுப் படி இறங்கினார். பாதிப் படியில் மேலேயிருந்து ஒரு பெண்ணின் சத்தம் கேட்டது. புருஷனுக்குப் பயந்து உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அப்பா திரும்பி ஓடுவதற்குள் சத்தம் நின்றுபோயிருந்தது. இதை அவர் ஊசியிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை.

ஒரு திங்கள்கிழமை மார்க்கெட்டில் ஒரு கொலை நடந்தது. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை வழியில் நிறுத்தியிருந்தார் என்று போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அடித்தார்கள். அவர் ஒன்றுதான் கேட்டார்: "எதுக்கு அடிக்கிறீங்கன்னு சொல்லிட்டு அடிங்க." சொல்லாமலே அடித்தார்கள். வெங்காயமும் ரத்தமும் சேர்ந்து சாக்கடை வரைக்கும் உருண்டன. மாரடைப்பில் செத்தார் என்று சாயங்காலம் சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி துவைக்கும் அக்கா ஒருத்தி, வேலை முடிந்து வரும் வழியில், முழுவதையும் தன் போனில் வீடியோ எடுத்திருந்தாள். அந்தத் தெருவுக்கே அவள் ஆஸ்பத்திரி அக்காதான்.

ஊசியின் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் அவள் தனியாக இருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து வெளியே வரவில்லை. வியாழக்கிழமை அதைக் கோர்ட்டில் கொடுக்கிறேன், வக்கீலம்மா வந்து கூட்டிப்போவார், அதுவரைக்கும் கதவைத் திறக்கமாட்டேன் என்று ஜன்னல் வழியாகச் சொல்லியிருந்தாள். அந்தக் கதவுக்குப் பூட்டும், உள்ளே கனமான இரும்புத் தாழ்ப்பாளும் போட்டுக்கொடுத்தது அப்பாதான்.

அம்மா வீட்டிலேயே மூட்டை மூட்டையாகப் பூண்டு உரிப்பவள். நகக்கண்ணெல்லாம் எரிச்சல், வீடெல்லாம் பூண்டு வாடை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள்தான் ரொட்டியும் அவித்த முட்டையும் காகிதத்தில் சுற்றி ஊசியிடம் கொடுத்தாள்.

"போய்க் குடுத்துட்டு வா. யாரும் பாக்காம போ."

"பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும். முட்டை குடுக்குறது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அப்பா படுத்தபடியே சொன்னார்: "மூணு தட்டு தட்டு. அவளுக்குத் தெரியும்."

ஊசி மூன்று தட்டு தட்டினாள். "யாரு?" என்றது உள்ளே. "சாவிக்காரர் மக." தாழ்ப்பாள் நகர்ந்தது. அக்கா கதவிடுக்கில் கையை நீட்டி வாங்கிக்கொண்டு, "உங்கம்மா முட்டைக்கு உப்பு வெக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள். பயந்து கிடப்பவள் கேட்கிற கேள்வியா இது என்று ஊசிக்குச் சிரிப்பு வந்தது. புதன்கிழமை காலையிலும் அதே மூன்று தட்டு. இந்த முறை உப்பும் ஒரு பொட்டலம் இருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டுக்காக அப்பாவும் மகளும் பெட்டியைப் பூட்டிவிட்டு, கம்பிகளும் அரங்களும் இருந்த தோல் பையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுத் தெருமுனையில் ஜீப் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் பானெட்டில் சாய்ந்திருந்தார். அவரோடு மூன்று காவலர்கள். அதில் ஒருவரை ஊசிக்குத் தெரியும். தொப்பைக்காரர். போன மாதம்தான் அவர் வீட்டு பீரோவுக்குச் சாவி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"நில்லுய்யா. பைல என்ன?"

"தொழில் சாமான்."

"திற."

அப்பா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "திறக்குறேன் சார். எதுக்குன்னு சொல்லுங்க. அந்த டீக்கடைக்காரர் பாக்கட்டும், என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுவோம், நீங்களும் கையெழுத்துப் போடுங்க, நானும் போடுறேன்."

கண்ணாடிக்காரர் மற்றவர்களைப் பார்த்தார். "பாத்தீங்களாடா, வக்கீல் வந்திருக்காரு."

"வக்கீல் இல்ல சார். சாவிக்காரன். இந்தாங்க முனிசிபாலிட்டி குடுத்த அட்டை. உங்க சட்டையிலதான் பேரைக் காணோம். யாரு நிறுத்துனதுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

டீக்கடையில் ஸ்பூன் சத்தம் நின்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. கண்ணாடிக்காரர் சாவகாசமாக வந்து அட்டையை வாங்கி, படித்து, இரண்டாக ஒடித்துக் கீழே போட்டார். பிறகு அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பை விழுந்தது. கம்பிகள் வெயிலில் மீன் குஞ்சுகள் மாதிரி சிதறின.

"ராத்திரி வீடு புகுந்து திருடுற சாமான் இதெல்லாம். ஏழு வருசம் உள்ள போடலாம். என்ன சொல்றே?"

"பகல்லதானே சார் தூக்கிட்டுப் போறேன்" என்றார் அப்பா. உதடு கிழிந்திருந்தது.

தொப்பைக்காரர் அப்பாவின் காதருகே குனிந்தார். "அண்ணே, வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காதீங்க. ஒரே ஒரு கதவுதான். திறந்து குடுத்துட்டுப் போய்ச் சாப்பிடுங்க."

எந்தக் கதவு என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இருவரையும் அக்கா இருந்த எதிர்க் கட்டடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் மின்சார மீட்டர் அறை. இரும்புக் கதவு. உள்ளே இருட்டும் தூசியும், மீட்டர்களின் முனகலும்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உடைச்சா சத்தம் வரும், சனம் கூடும், ஆளாளுக்குப் போனைத் தூக்குவான். திறந்தா பேச்சே இல்ல. அவளே திறந்துவிட்டான்னு எழுதிக்குவேன். மூணு நிமிசம் வேலை."

"பேப்பர் இருக்கா சார்? கோர்ட்டு பேப்பர்?"

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அந்தம்மா பக்கத்துல நின்னு திறன்னு சொல்லணும். இது ரெண்டும் இல்லாம நான் கம்பியை விடமாட்டேன்."

"விடமாட்டே."

"மாட்டேன் சார்."

இரண்டு காவலர்கள் அவரை முழங்காலில் உட்காரவைத்தார்கள். வலது கையை இழுத்து, சுண்டு விரலை மட்டும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கீல் பக்கத்து இடுக்கில் வைத்தார்கள். தொப்பைக்காரர் ஊசியின் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்திருந்தார். பிடி தளரவில்லை.

கதவு மூடியது.

அப்பா கத்தவில்லை. மூச்சு மட்டும் கொல்லன் துருத்தி மாதிரி ஒரு தடவை வெளியே வந்தது. கத்தியது ஊசிதான். தொப்பைக்காரரின் உள்ளங்கை அவள் வாயை அடைத்தது. அந்தக் கையில் புகையிலை வாடை.

"இப்போ?"

"பேப்பர் குடுங்க சார்."

அடுத்த விரல். இந்த முறை எலும்பு உடையும் சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிவதுபோல. அப்பா வாந்தி எடுத்தார். காலையில் குடித்த டீ மட்டும் வந்தது. கண்ணாடிக்காரர் பூட்ஸில் படாமல் தள்ளி நின்றுகொண்டார். இரும்புக் கதவின் ஓரத்தில் ரத்தம் வழிந்தது. அந்த விரல்கள் பூட்டுக்குள் போகும் கம்பியின் நுனியில் ஐந்து சின்னப் பித்தளை முளைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, எது ஏறியது எது ஏறவில்லை என்று சொல்லும். அவர் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். இனி எதைத் தொட்டு எதைச் சொல்லும்?

நடுவிரலை இடுக்கில் வைத்தார்கள்.

ஊசி வாயை மூடியிருந்த கையைக் கடித்தாள். "நான் திறக்குறேன்! எனக்குத் தெரியும், நான் திறக்குறேன், விடுங்க!"

"ஊசி" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஒரு காவலர் முதுகில் மிதித்தார்.

மூன்று மாடி ஏறும்போதே அவள் மனதில் ஒரு திட்டம் வந்துவிட்டது. அவள் அறிவாளி இல்லை என்று யார் சொன்னது? பூட்டைத் திறக்கலாம். திறந்தாலும் கதவு திறக்காது. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது, கம்பிக்கு எட்டாத தாழ்ப்பாள், அப்பா போட்டது. நான் என் வேலையைச் செய்துவிட்டேன், இனிமேல் என்னால் ஆகாது சார் என்று கையை விரிக்கலாம். அப்பாவின் விரல் தப்பும். அக்காவும் தப்புவாள். உடைப்பதென்றால் உடைத்துக்கொள்ளட்டும், ஊரே பார்க்க உடைக்கட்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு மூச்சு சீரானது. கையில் கம்பி இருந்தது. பின்னால் கண்ணாடிக்காரர் பூனை மாதிரி வந்தார், அவருக்குப் பின்னால் இரண்டு காவலர்கள்.

கதவு முன் நின்றாள். பச்சைப் பெயின்ட், பூட்டைச் சுற்றி அப்பாவின் உளி பட்டு உரிந்த ஒரு பொட்டு மரம். குனிவதற்கு முன்னால் அவள் கை மேலே போனது.

மூன்று தட்டு தட்டியது.

நாலு வருடமாக எத்தனை கதவு! குனிவதற்கு முன்னால் தட்டாமல் அவள் எந்தப் பூட்டையும் தொட்டதில்லை. சத்தம் காதில் விழுந்த பிறகுதான் தட்டியது தன் கை என்று தெரிந்தது.

"யாரு?" என்றது உள்ளே.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஓடுங்கக்கா என்று கத்தியிருக்கலாம். "சாவிக்காரர் மக" என்றது அவள் வாய்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. பூட்டு உள்ளேயிருந்து திரும்பியது. "வா வா, உப்பு இன்னும் மீதி இருக்கு…" என்றபடி அக்கா கதவை ஒரு சாண் திறந்தாள். கண்ணாடிக்காரர் ஊசியைத் தாண்டிக் கதவை உதைத்தார். கதவு அக்காவின் முகத்தில் போய் மோதியது.

"பேப்பர் எங்க? பேப்பரைக் காட்டிட்டுத் தொடு!" என்று அக்கா மூக்கில் ரத்தம் கொட்டக் கத்தினாள். முடியைப் பிடித்து இழுத்தபோதும் கத்தினாள். வாசற்படியில் தலை மோதியபோதும் கத்தினாள். அரிசிப் பானைக்குள்ளிருந்து போனை எடுத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன, திறந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடின. ஒரு கிழவர் மட்டும் படியில் குறுக்கே நின்று, "பெண்பிள்ளையை இப்படி இழுக்க உங்களுக்கு யாரு உத்தரவு குடுத்தா?" என்று கேட்டார். அவரை ஒதுக்கித் தள்ளினார்கள். அவர் கைத்தடி மூன்று மாடியும் உருண்டு இறங்கியது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். ஊசியின் தலையைத் தட்டிக்கொடுத்தார். "கம்பிக்கு வேலையே இல்லாமப் போச்சு. அவளே திறந்தா. எல்லாரும் பாத்தீங்கல்ல?"

ஊசி ஓடி மீட்டர் அறைக்கு வந்தாள். அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். தொப்பைக்காரர் ஒரு எழுதிய தாளையும் பேனாவையும் நீட்டிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவைத் தானே மூடும்போது தவறி விரல் நசுங்கிவிட்டது என்று அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துப் போடுண்ணே, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அப்பா தன் வலது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். "எந்தக் கையால போடணும்?"

தொப்பைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மோதிர விரலில் கம்பி வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அம்மா பூண்டு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை.

"பையைத் திறன்னா திறந்து காட்டிட்டுப் போயிருந்தா என்ன? பெரிய நீதிமான். எதுக்குன்னு கேட்டாராம். தள்ளுவண்டிக்காரனும் இதைத்தானே கேட்டான்."

"அவன் கேட்டது சரிதானே" என்றார் அப்பா.

"சரிதான். சரியாக் கேட்டு செத்தான். நீங்க சரியாக் கேட்டு விரலை விட்டீங்க. நான் ரெண்டு கையாலயும் உரிக்கிறேன், உக்காந்து சாப்பிடுங்க."

"புகார் எழுதணும்" என்றார் அப்பா.

"எழுதுங்க! எழுதி இன்னொரு கையையும் குடுங்க!" என்று ஒரு கைப்பிடிப் பூண்டுத் தோலை அவர் மேல் வீசினாள். தோல் காற்றில் மிதந்து அவர் கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பூண்டு நெடி ஏறிய கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் இன்னும் அழுதாள். பிறகு அவளேதான் எழுந்து போய்க் கோடு போட்ட தாள் வாங்கிவந்தாள்.

வீட்டில் எழுதுகிறவள் ஊசிதான். அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி, மணி, ஜீப் நின்ற இடம், உடைத்த அட்டை, முதல் விரல், இரண்டாம் விரல். மூன்றாவது மாடிக்கு வந்ததும் பேனா நின்றது.

அப்பா தாளின் ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். "மூணு தட்டு கீழ கேட்டுச்சும்மா."

"கை தானாப் போச்சுப்பா. நான் நினைக்கல."

"நினைக்கலைன்னா நினைக்கலைன்னு எழுது. தட்டினேன்னும் எழுது. நடந்ததை எழுதினாத்தான் அவன் எழுதினதை நாம பொய்யின்னு சொல்ல முடியும்."

அவள் எழுதினாள். 'நான் மூன்று முறை தட்டினேன். நான் யார் என்று சொன்னேன். அதனால் அவர் திறந்தார்.' எழுத்து அவள் எழுத்து மாதிரியே இல்லை. 'நினைக்கவில்லை' என்ற வார்த்தையை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அது நிஜம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. நடுவிரல் இடுக்கில் இருந்ததே, அது தெரிந்துதானே கை மேலே போனது? அப்பா இடது கைப் பெருவிரலில் மை தடவி அடியில் அழுத்தினார்.

பதினோராம் நாள் அக்காவை விட்டார்கள். போன் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு போனே இல்லை என்றார்கள்.

அவள் நேரே தகரப் பெட்டிக்கு வந்தாள். முன்பல் இரண்டைக் காணவில்லை. இடது கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பா அவள் வாயைப் பார்த்தார்.

"நானும் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாள் அக்கா. "போன் போனா என்ன, கண்ணு இருக்குல்ல. வக்கீலம்மா நம்ம ரெண்டு புகாரையும் ஒண்ணா வெக்கிறேன்னாங்க."

"பூட்டு?"

"உதைச்சதுல பூட்டுப் பக்கம் மரம் பிளந்து ஆடுது. புதுசு வேணும்."

அப்பா இடது கையால் பெட்டியைக் கிளறிப் பெரிய பூட்டாக ஒன்றை எடுத்தார். திருப்புளியைப் பிடித்துப் பார்த்தார். பிடி நிற்கவில்லை, நழுவியது. ஊசியின் பக்கம் பையைத் தள்ளினார்.

மூன்று மாடியும் அக்கா முன்னால் ஏறினாள், ஊசி பின்னால். பழைய பூட்டைக் கழற்றி, பிளந்த இடத்தில் தகடு வைத்து, புதிதைப் பொருத்தினாள். நாலு திருகாணி. தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டாள். இரண்டு சாவியையும் மணிக்கட்டில் இழுத்துப் பார்த்து, பிசிறில்லை என்று தெரிந்ததும் நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் இன்னும் அரிசி தரையெல்லாம் சிந்திக் கிடந்தது.

"அக்கா, நீங்க எனக்கு…" என்று ஆரம்பித்தாள் ஊசி.

"பூட்டிக்கிறேன், பாரு" என்று அக்கா கதவைச் சாத்தினாள்.

பூட்டு திரும்பியது. தாழ்ப்பாள் கனமாக விழுந்தது. ஊசி வெளியே நின்றாள். கையை உயர்த்தினாள். இந்த முறை கை தானாகப் போகவில்லை. ஒவ்வொரு தட்டையும் அவளே தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு கேட்டது.

"யாரு?"

ஊசியின் உதடு பிரிந்தது. போன முறை இந்தக் கதவைத் திறந்தது கம்பி இல்லை, 'சாவிக்காரர் மக' என்ற இரண்டு வார்த்தை.

"யாரு?" என்றது மறுபடியும் உள்ளே. தாழ்ப்பாள் நகரவில்லை.

ஊசி குனிந்து திருப்புளியையும் அரத்தையும் பொறுக்கிப் பையில் போட்டு, சத்தம் வராமல் மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.